கோல்தான், கொஞ்சம் பொறுங்கள்!

இங்கிலாந்தில் ஒரு கால்பந்து மைதானத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். எலும்பைத் துளைக்கிற குளிர். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்னும் கொஞ்சம் குளிர்கிறது. ஆட்டம் முடிய இரண்டே நிமிஷம் இருக்கிறது. உங்கள் கட்சிக்காரர் ஒருவர் எப்படியோ நாலு பேரை ஏமாற்றிவிட்டுப் பந்தை ஓங்கி உதைக்கிறார். வலை குலுங்குகிறது. கோல்! உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் இருக்கிற முன்பின் தெரியாத மனிதரைக் கட்டிக் கொள்கிறீர்கள். அவரும் உங்களைக் கட்டிக் கொள்கிறார். அந்தச் சமயம் பார்த்து ரெபரி தம் காதில் விரலை வைத்துக் கொண்டு சும்மா நிற்கிறார்.

அவ்வளவுதான். கட்டிக் கொண்ட கைகள் மெதுவாகத் தளர்கின்றன. மைலுக்கு அப்பால் எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், இந்தக் கோலை முன்னும் பின்னுமாக ஓட்டிப் பார்க்கிறார். அவர் என்ன பார்க்கிறார், எதைத் தேடுகிறார், யாருக்கும் தெரியாது. வீட்டில் சோபாவில் சாய்ந்திருப்பவருக்கு டெலிவிஷனில் எல்லாம் தெரிகிறது. பணம் கொடுத்து மைதானத்துக்கு வந்த உங்களுக்குத்தான் ஒன்றும் தெரியாது. மூன்று நிமிஷம் கழித்து ‘கோல் இல்லை’ என்று கை காட்டுகிறார் ரெபரி. கட்டிக் கொண்ட மனிதரை நிமிர்ந்து பார்ப்பதற்கே உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

இது கற்பனை என்று நினைக்க வேண்டாம். 2019 ஏப்ரல் 17-ந் தேதி இரவு மான்செஸ்டரில் நடந்ததைக் கேளுங்கள். ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. மான்செஸ்டர் சிட்டிக்கும் டாட்டன்ஹாமுக்கும் இரண்டாவது ஆட்டம். தொண்ணூறு நிமிஷம் தாண்டி, உபரி நேரத்தில் ஸ்டெர்லிங் ஒரு கோல் போட்டார். அந்தக் கோலால் சிட்டி அரையிறுதிக்குப் போகிறது! மைதானமே எழுந்து ஆடியது. பயிற்சியாளர் கார்டியோலா சின்னப் பையனைப் போலக் குதித்தார். பிறகு வீடியோ வந்தது. கோலுக்குச் சற்று முன்பு அகுவேரோ ஆப்சைடு நிலையில் நின்றிருந்தார் என்று தெரிந்தது. கோல் ரத்து. சிட்டி வெளியே, டாட்டன்ஹாம் உள்ளே.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அந்தத் தீர்ப்பு முற்றிலும் சரியானது. அகுவேரோ ஆப்சைடுதான். வீடியோ இல்லாதிருந்தால் டாட்டன்ஹாமுக்குப் பெரிய அநியாயம் நடந்திருக்கும். ஆகவே, ‘வீடியோவே வேண்டாம், பழைய காலமே பொற்காலம்’ என்று சொல்கிறவர்களுடன் நான் கூட்டுச் சேரப் போவதில்லை. பழைய காலத்தின் லட்சணம் நமக்குத் தெரியாதா என்ன?

1966-ல் லண்டன் வெம்ப்ளியில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் ஆளுக்கு இரண்டு கோல். கூடுதல் நேரத்தில் இங்கிலாந்தின் ஹர்ஸ்ட் உதைத்த பந்து, கோல் கம்பத்தின் குறுக்குக் கட்டையில் அடிபட்டுச் செங்குத்தாகத் தரையில் விழுந்து வெளியே வந்தது. கோட்டைத் தாண்டி விழுந்ததா, கோட்டின் மேலேயே விழுந்ததா? ஸ்விட்ஸர்லாந்துக்காரரான ரெபரி டீன்ஸ்டுக்குத் தெரியவில்லை. லைன்ஸ்மன் பஹ்ராமோவிடம் ஓடினார். அவர் தலையை ஆட்டினார், கோல் ஆகிவிட்டது. இங்கிலாந்து கடைசியில் 4-2 என்று ஜெயித்தது. ஜெர்மானியர்கள் அதை இன்றைக்கும் ஒப்புக் கொள்வதில்லை. பஹ்ராமோவின் சொந்த நாடான அஜர்பைஜானில், பாகு நகர மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்து, சிலையும் நிறுவியிருக்கிறார்கள். தலையை ஆட்டியதற்குச் சிலை கிடைத்த லைன்ஸ்மன் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்!

1986-ல் மெக்ஸிகோவில் மாரடோனா கையால் தட்டிப் போட்ட கோலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மைதானத்தில் அதைக் காண முடியாமல் போனவர்களில் முக்கியமானவர் ரெபரி. 2010-ல் தென்னாப்பிரிக்காவில் பழைய கணக்கு வட்டியுடன் திரும்பியது. இங்கிலாந்தின் லாம்பார்டு அடித்த பந்து, குறுக்குக் கட்டையில் பட்டு, கோட்டைத் தாண்டி நன்றாக உள்ளே விழுந்து வெளியே வந்தது. எதிரே இருந்தது அதே ஜெர்மனி! டெலிவிஷன் பார்த்துக் கொண்டிருந்த உலகம் முழுவதுக்கும் அது கோல் என்று தெரிந்தது. ரெபரிக்கும் லைன்ஸ்மனுக்கும் மட்டும் தெரியவில்லை. 2-2 என்று ஆகியிருக்க வேண்டிய ஆட்டம் 4-1 என்று ஜெர்மனிக்குப் போயிற்று. உலகக் கால்பந்துச் சங்கத் தலைவரே இங்கிலாந்திடம் வருத்தம் தெரிவிக்கும்படி ஆயிற்று.

இவ்வளவும் நடந்த பிறகு, ‘யந்திரத்தைக் கொண்டு வாருங்கள்’ என்று கேட்டவர்கள் யார்? ரசிகர்கள்தான். முதலில் வந்த யந்திரம் கோல் கோட்டைக் காவல் காக்கிற யந்திரம். கிரிக்கெட்டில் பந்தின் பாதையைக் காட்டுகிறதே ‘ஹாக் ஐ’, அதன் சகோதரன். ஒவ்வொரு கோலுக்கும் ஏழு காமிராக்கள். பந்து கோட்டைத் தாண்டினால் ஒரு விநாடிக்குள் ரெபரியின் கைக்கடிகாரம் அதிர்ந்து, கோல் என்று சொல்லிவிடும். 2013-ல் இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் இது வந்தது. இதை யாராவது திட்டிக் கேட்டிருக்கிறீர்களா? கிடையாது. ஒரே ஒரு தடவை, 2020 ஜூனில், காமிராக்களை மறைத்துக் கொண்டு ஆட்டக்காரர்கள் நின்றதால், ஆஸ்டன் வில்லா கோல் கீப்பர் பந்தைப் பிடித்தபடி கோட்டுக்குள்ளே போய் விழுந்தும் கடிகாரம் அதிரவில்லை. ஷெஃபீல்டு யுனைடெட்டுக்குச் சேர வேண்டிய கோல் காற்றோடு போயிற்று, ஆட்டம் 0-0. வீடியோ அறையில் இருந்தவரும் வாய் திறக்கவில்லை. கடிகாரம் பேசாதபோது நாம் எப்படிப் பேசுவது என்று இருந்துவிட்டார் போலும்! அந்த ஒரு புள்ளியின் விலை என்ன தெரியுமா? பருவ முடிவில் வில்லா 35 புள்ளிகளுடன் தப்பிப் பிழைத்தது. 34 புள்ளிகள் வாங்கிய போர்ன்மவுத், கீழ் டிவிஷனுக்குப் போயிற்று.

ஆனால் அது ஆயிரத்தில் ஒன்று. உண்மையான தகராறு பிறகு வந்த ‘வி.ஏ.ஆர்.’ என்கிற வீடியோ துணை நடுவரால்தான். 2018 உலகக் கோப்பையில் வந்து, 2019-ல் பிரீமியர் லீகுக்குள் நுழைந்தது. வரும்போது எவ்வளவு அடக்கமாக வந்தது தெரியுமா? ‘நான்கே விஷயங்களில் தலையிடுவேன்: கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம். அதிலும் எவர் கண்ணுக்கும் பளிச்சென்று தெரிகிற பிழையாக இருந்தால்தான்’ என்றது. ஒண்டிக் கொள்ள இடம் கேட்டு வந்த விருந்தாளி, பிறகு அடுக்களையில் புகுந்து உப்புப் புளி பார்த்த கதையாகி விட்டது.

ஆப்சைடைப் பாருங்கள். பந்தை உதைக்கிற கணத்தில், முன்னால் இருக்கிறவரின் உடம்பில் எந்தப் பகுதியாவது, அதாவது கோல் போடக் கூடிய பகுதி, எதிர்க்கட்சியின் கடைசிக்கு முந்தைய ஆளைத் தாண்டியிருக்கக் கூடாது. கையால் கோல் போட முடியாதாகையால் கை கணக்கில் சேராது. கை எங்கே முடிந்து தோள் எங்கே ஆரம்பிக்கிறது? அக்குளின் அடிமட்டத்தில் என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார்கள். 2019 நவம்பரில் லிவர்பூலின் ஃபிர்மினோ போட்ட கோல் ஒன்று, அவருடைய அக்குள் ஆப்சைடில் இருந்ததாகக் கூறி ரத்து செய்யப்பட்டது. நூறு வருஷத்துக்கு மேலாகக் கால்பந்து பார்க்கிற ஊரில், அக்குளைப் பற்றி ஜனங்கள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக விவாதித்தார்கள்.

சரி, அந்த அளவாவது நிச்சயமானதா? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டெலிவிஷன் காமிரா விநாடிக்கு 50 படம் எடுக்கிறது என்றால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம். விநாடிக்கு எட்டு மீட்டர் ஓடுகிற ஆட்டக்காரர் அந்த இடைவெளிக்குள் 16 செண்டிமீட்டர் போய்விடுவார். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. பந்தில் கால் பட்டது இந்தப் படத்திலா, அடுத்த படத்திலா என்று தீர்மானிக்கிறவரும் மனுஷன்தான். ஒரு சாண் சந்தேகம் இருக்கிற தராசில் ஒரு விரற்கடையை நிறுத்துத் தீர்ப்புச் சொன்னால், பார்க்கிறவனுக்குப் பற்றிக் கொண்டு வராதா? 2021-ல்தான் புத்தி வந்து கோடுகளைச் சற்றுத் தடிப்பாகப் போட ஆரம்பித்தார்கள். கோடுகள் ஒட்டிக் கொண்டால், சந்தேகத்தின் பலன் கோல் போட்டவருக்கே.

கிரிக்கெட்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். எல்.பி.டபிள்யூ. அப்பீலில் பந்து ஸ்டம்பை லேசாக உரசுகிறது என்று யந்திரம் காட்டினால், ‘இது என் சக்திக்கு மேற்பட்டது, அம்பயர் முதலில் சொன்னதே நிற்கட்டும்’ என்று ஒதுங்கிக் கொள்கிறது. தவிரவும் கிரிக்கெட்டில் பந்துக்குப் பந்து ஓய்வு உண்டு. மூன்றாவது அம்பயர் யோசிக்கிற நேரத்தில் நீங்கள் ஒரு காப்பி சாப்பிடலாம். கால்பந்துக்கு அந்தச் சுபாவம் கிடையாது. ஓடுகிற ஆற்றில் அணை போட்டு அணை போட்டுத் திறந்தால் அது எப்படி ஆறாக இருக்கும்?

இனி, 2023 செப்டம்பர் 30-ந் தேதிக்கு வருகிறேன். அன்று டாட்டன்ஹாம் மைதானத்தில் லிவர்பூல் ஆடியது. யாரும் கோல் போடவில்லை. லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் ஒரு கோல் போட்டார். லைன்ஸ்மன் ஆப்சைடு என்று கொடியைத் தூக்கினார். லண்டன் ஸ்டாக்லி பார்க்கில் வீடியோ அறையில் இருந்தவர் ஓட்டிப் பார்த்தார். ஆப்சைடு இல்லை, சுத்தமான கோல். ஆனால் மைதானத்தில் ஏற்கெனவே கோல் கொடுத்தாகி விட்டது என்று அவர் மனத்தில் எப்படியோ பதிந்திருந்தது. ஆகவே, ‘பார்த்தாகி விட்டது, எல்லாம் சரி’ என்று சொல்லி வைத்தார். மைதானத்தில் இருந்த ரெபரி என்ன அர்த்தம் செய்து கொள்வார்? ஆப்சைடு சரி என்றுதானே! ஆட்டம் தொடர்ந்து விட்டது. படத்தை ஓட்டுகிற தொழிலாளிதான் முதலில் விழித்துக் கொண்டு, தப்பு நடந்துவிட்டது என்று எச்சரித்தார். சில விநாடிகள்தான் கடந்திருந்தன. ஆனால் ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகு பின்னால் போகக் கூடாது என்பது விதி. ‘நாம் ஒன்றும் செய்வதற்கில்லை’ என்று அறைக்குள் இருந்தவர் சொன்னதை, பிறகு வெளியிட்ட ஒலிப்பதிவில் உலகமே கேட்டது. டாட்டன்ஹாம் 2-1 என்று ஜெயித்தது. ஜெயித்த கோல் ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில், லிவர்பூல் ஆளின் காலிலேயே பட்டு உள்ளே போயிற்று.

வீடியோ அறையில் இருந்தவரின் பெயர் இங்கே வேண்டாம். இங்கிலாந்தில் அதைச் சொல்லிப் போதுமான அளவு திட்டியாகி விட்டது. இரண்டு நாள் முன்புதான் அவர் ஐக்கிய அரபு நாட்டில் ஓர் ஆட்டத்தில் பணியாற்றிவிட்டு விமானத்தில் திரும்பியிருந்தார் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

என் அபிப்பிராயத்தில், ரசிகர்களின் கோபத்துக்கு மூலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. 1966-ல் பஹ்ராமோவ் தலையாட்டியது தப்பாகவே இருந்தாலும், கண் சிமிட்டுகிற நேரத்தில் நேர்ந்த தப்பு. அந்த இடத்தில் நாம் நின்றிருந்தால் நாமும் திணறியிருப்போம். திட்டிவிட்டு மறந்து விடலாம். மறக்காமல் ஐம்பது வருஷம் பேசிச் சந்தோஷப்படவும் செய்யலாம். ஆனால் படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, கோடு போட்டு, சரியாகவும் கண்டுபிடித்துவிட்டு, அப்புறம் தப்பான தீர்ப்பைச் சொன்னால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது? பிரீமியர் லீக் 2024-ல் சொன்ன கணக்குப்படி, வீடியோ வருமுன் முக்கியமான தீர்ப்புகளில் 82 சதவீதம் சரியாக இருந்ததாம். வந்த பிறகு 96 சதவீதம். நம்புகிறேன். ஆனால் நூற்றுக்குப் பதினெட்டு தப்பை மன்னித்த அதே ஜனங்கள், நூற்றுக்கு நாலு தப்பை மன்னிக்க மாட்டேன் என்கிறார்கள். அவர்கள் முட்டாள்கள் அல்ல. அந்த நாலுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு விளைவும் உண்டு. அது இதைவிட விபரீதமானது. ஆப்சைடு என்று கண்ணால் கண்ட பிறகும், லைன்ஸ்மன் உடனே கொடியைத் தூக்குவதில்லை. ஒருவேளை தாம் கண்டது தப்பாக இருந்து, கோல் வீணாகி விட்டால்? ஓட்டம் முடியட்டும், வீடியோ பார்த்துக் கொள்ளும் என்று கையைக் கட்டிக் கொள்கிறார். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லியும் இருக்கிறார்கள். 2025 மே 11-ந் தேதி நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், லெஸ்டர் ஆட்டத்தில் இது நடந்தது. ஆப்சைடில் ஓடிய ஒருவருக்குக் கொடி எழவில்லை, ஓட்டம் நீண்டது. அவர் அனுப்பிய பந்தைத் துரத்திச் சென்ற தைவோ அவோனியி, முழு வேகத்தில் கோல் கம்பத்தில் போய் மோதினார். வயிற்றில் பலத்த காயம். அவசர அவசரமாக ஆப்பரேஷன் செய்து, செயற்கையாக மயக்க நிலையில் வைத்திருந்து காப்பாற்றினார்கள். நல்ல வேளை, பிழைத்துக் கொண்டார். செல்லாத பந்துக்காக ஒரு மனுஷன் உயிருக்குப் போராடினான்!

ஆனாலும் ரசிகர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். ரெபரியின் மேல் கோபம் இருக்கலாம், கை வைக்கலாமா? 2023 டிசம்பரில் துருக்கியில், அங்காரா நகரத்து கிளப் ஒன்றின் தலைவரே ஆட்டம் முடிந்ததும் மைதானத்துக்குள் ஓடி ரெபரியின் முகத்தில் குத்தினார். விழுந்தவரை வேறு சிலர் உதைத்தார்கள். நாடு முழுவதும் லீக் ஆட்டங்களை நிறுத்தி வைத்தார்கள். இங்கிலாந்தில் அதே வருஷம், பேட்டை மைதானங்களில் ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதப் போகும் ரெபரிகளின் மார்பில் போலீஸ்காரர்களைப் போலக் காமிரா மாட்டிப் பார்த்தார்கள். ஆட்டத்தைப் படம் பிடிக்க அல்ல. அவரை அடிக்க வருகிறவரைப் படம் பிடிக்க! இப்படியிருந்தால் நாளைக்கு எந்தப் பிள்ளை விசிலை எடுத்துக் கொண்டு மைதானத்துக்கு வருவான்? ரெபரிகளின் தரம் இறங்கிவிட்டது என்று புலம்புகிறவர்கள் இதையும் யோசிக்கலாம்.

கோபத்தைக் காட்ட நார்வேக்காரர்கள் கண்டுபிடித்த வழி எவ்வளவோ தேவலை. 2024 ஜூலையில் ட்ரான்ட்ஹைம் நகரில் ஆட்டம் நடக்கும்போது, ரசிகர்கள் வீடியோ தீர்ப்பை எதிர்த்து மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளையும், மீனை அரைத்துத் தட்டிப் பொரித்த பலகாரத்தையும் எறிந்தார்கள். மீன் வடை என்றே வைத்துக் கொள்ளுங்கள். பொறுக்கிப் பொறுக்கிப் பார்த்துவிட்டு, முடியாமல் ஆட்டத்தையே நிறுத்தி விட்டார்கள். வடைக்கு அஞ்சி நின்ற ஆட்டம் சரித்திரத்தில் வேறு உண்டோ என்னவோ! கடைசியில், 2025 மார்ச்சில் நார்வேக் கால்பந்துச் சங்க மகாநாட்டில் ஓட்டெடுத்தார்கள்: வீடியோ இருக்கட்டும் என்று 321, வேண்டாம் என்று 129.

பக்கத்து ஸ்வீடனில் கதை வேறு. அங்கே கிளப்பில் பெரும்பான்மை ஓட்டு அதன் அங்கத்தினர்களான ரசிகர்களிடமே இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர்கள் கூட்டம் போட்டு, கிளப் கிளப்பாகத் தீர்மானம் நிறைவேற்றி, 2024-ல் வீடியோவை வாசற்படியிலேயே நிறுத்தி விட்டார்கள். இங்கிலாந்தில் கிளப்புகள் முதலாளிகளுடையவை. அதே 2024 ஜூனில் வுல்வ்ஸ் கிளப் மட்டும் தைரியமாக எழுந்து, வீடியோவை ஒழிப்போம் என்று தீர்மானம் கொண்டு வந்தது. 20 கிளப்புகளில் 19 எதிர்த்து ஓட்டுப் போட்டன. வுல்வ்ஸுக்குக் கிடைத்த ஒரே ஓட்டு வுல்வ்ஸினுடையது.

ஒழிக்க முடியாது என்றால், குறைந்த பட்சம் என்ன நடக்கிறது என்றாவது மைதானத்தில் இருக்கிறவனுக்குச் சொல்லலாம் அல்லவா? டிக்கெட் வாங்கியவனின் மிகச் சாதாரணமான கோரிக்கை இதுதான். அதற்கும் ஐந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 2025 ஜனவரி 8-ந் தேதி இரவு, லீக் கோப்பை அரையிறுதியின் முதல் ஆட்டம்; அதே டாட்டன்ஹாம் மைதானம், எதிரே அதே லிவர்பூல். டாட்டன்ஹாமின் சொலாங்கி பந்தை வலைக்குள் தள்ளினார். ஆரவாரம். ரெபரி காதில் விரலை வைத்தார். சற்றுப் பொறுத்து, இங்கிலாந்தில் முதல் தடவையாக, அவர் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது: இன்ன நம்பர் ஆட்டக்காரர் ஆப்சைடில் இருந்தார், ஆகவே கோல் இல்லை. கோல் போனது போனதுதான். ஆனால் அது ஏன் போயிற்று என்று, வீட்டில் சோபாவில் சாய்ந்திருந்தவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிக்க வேண்டிய அவசியம் அன்று மைதானத்தில் யாருக்கும் இருக்கவில்லை.